நொய்யல் வடிநிலமும் புவியியல் உயர்கல்வியும்

இயற்கைப் புவியியலையும் மானிடப் புவியியலையும் பல்கலைக்கழக நிலையில் கற்பது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். மலை, ஆறு, மண், காற்று, மழை ஆகியவை எப்படி உருவாகின்றன, எப்படி இயங்குகின்றன என்று ஆராய்வது இயற்கைப் புவியியல். மக்கள் எங்கே குடியேறினார்கள், எதைப் பயிரிட்டார்கள், எங்கே தொழில் தொடங்கினார்கள், யார் எந்த நிலத்தை ஆள்கிறார்கள் என்று ஆராய்வது மானிடப் புவியியல். ஒன்று அறிவியலின் பக்கம் சாய்கிறது. மற்றொன்று சமூகவியலின் பக்கம் சாய்கிறது. இரண்டையும் ஒரே பட்டத்தில் ஏன் கட்டிவைக்க வேண்டும்?

கேள்வி புதியதன்று. 1887ஆம் ஆண்டு, இருபத்தாறு வயது நிறையாத ஹால்ஃபோர்டு மெக்கிண்டர் இலண்டனில் அரச புவியியல் கழகத்தின் முன் நின்று, இயற்கை அறிவியலுக்கும் மானிட ஆய்வுக்கும் இடையே கல்வி உலகில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தைத் தாண்டப் பாலமாக நிற்கத்தக்கது புவியியலே என்று வாதாடினார். (அவருடைய புவியியல் பேரரசின் தேவைக்கும் உழைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அக்காலத்துப் புவியியலில் பெரும்பகுதி அப்படித்தான் உழைத்தது.) அவருடைய வாதம் வென்றதா? ஐரோப்பாவில் ஓரளவு வென்றது. ஆனால் 1948இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் புவியியல் கல்வியை மூடிவிட்டது. அதற்குக் காரணங்கள் பல. நிலவியலோடு ஒரே கூரையின் கீழ் இருந்த புவியியலில் மானிடப் பிரிவு வளர்வதை நிலவியலாளர் சிலர் ஏற்க மறுத்ததும் அவற்றுள் ஒன்று. பிரிவினை வகுப்பறையில் தொடங்கித் துறையின் கதவைச் சாத்துவதில் போய் முடிந்தது.

ஆகவே கேள்வியை மீண்டும் எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றா? ஒன்று என்று சொல்லிவிடுவது எளிது. எந்தப் பாடநூலின் முன்னுரையும் அப்படித்தான் சொல்லும். எப்படி ஒன்று என்று காட்டுவதுதான் கடினம். பள்ளிக்கூடத்தில் புவியியல் கேட்கும் வினா, எது எங்கே இருக்கிறது என்பது. கரிசல் மண் எங்கே இருக்கிறது, பருத்தி எங்கே விளைகிறது, பஞ்சாலை எங்கே இருக்கிறது என்று மூன்று கோடிட்ட இடங்களை நிரப்பினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டிய வினா வேறு: எந்தச் செயல்முறையால் அது அங்கே இருக்கிறது? எந்த அளவில் பார்த்தால் அது தெரிகிறது? யாருடைய முடிவால் அது அங்கே வந்தது? அந்த மூன்று வினாக்களையும் ஒரு சிறிய ஆற்றின்மேல் ஏற்றிப் பார்ப்பதே இவ்வுரையின் வேலை. அந்த ஆறு நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் இந்த ஆறு இருநூறு கிலோமீட்டரைக்கூடத் தொடாதது. ஆனால் அது ஓடும் நிலம் சாதாரணமானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே நீலகிரியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவையும் தெற்கே ஆனைமலைப் பக்கத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியையும் நிறுத்திவிட்டு, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தணிந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அந்தத் தாழ்வை இன்றைய ஆறு எதுவும் அறுத்து உண்டாக்கிவிடவில்லை. மிகப் பழைய காலத்தில் பூமியின் மேலோட்டில் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி நகர்ந்த நறுக்கு வலயம் அவ்வழியே செல்கிறது என்பதை நிலவியலாளர் காட்டியிருக்கிறார்கள்.

கணவாய் இருப்பதால் என்ன நேர்கிறது? ஆனியும் ஆடியும் பிறந்தால் அரபிக்கடல் காற்று அந்த வாசலில் நெருக்குண்டு வேகமெடுத்து, பல்லடம், உடுமலைப் பக்கத்து வெளிகளில் வீசுகிறது. அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே காரணம். காற்று வருகிறது, ஆனால் மழை அதே அளவில் வருவதில்லை. ஆனைமலையின் சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும்போது, நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோயம்புத்தூர் 700 மில்லிமீட்டரை ஒட்டியே பெறுகிறது. மலையின் காற்றுமுகப் பக்கம் மழையை வாங்கிக்கொள்ள, மறுபக்கம் வறண்டு நிற்பதை மழைமறைவு என்பர். எனவே நொய்யல் ஈரமான தலையும் வறண்ட உடலும் கொண்ட ஆறு. தலைப்பகுதியில் வெள்ளம் வரும் சில வாரங்களைப் பிடித்துவைக்கவே அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எனக் குளங்களின் தொடரும் உருவாயின. கோவை வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாயும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாயும் இருப்பதை எல்லாரும் அறிவர். சிறுவாணி ஆற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே வீட்டில் சந்திப்பது அங்கேதான். நீரியலின் முதல் பாடத்தை அந்த இரண்டு குழாய்களின் அருகில் நின்றே தொடங்கிவிடலாம்.

மானிடப் பக்கத்திற்கு வருவோமானால், கணவாய் காற்றுக்கு மட்டும் வழிவிடவில்லை. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து சேரர் தலைநகராகக் கருதப்படும் கரூருக்குச் செல்லும் பெருவழி இந்தப் பள்ளத்தாக்கு வழியே சென்றது. நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் உரோமானிய நாணயப் புதையல் கிடைத்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சுட்டும் ஊரோடு ஆய்வாளர் இணைத்துப் பேசும் கொடுமணல், அதே ஆற்றின் வடகரையில், மணிக்கல் பட்டறைகளையும் இரும்பு உருக்கிய உலைகளையும் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் மண்ணுக்கடியிலிருந்து காட்டியது. 1862இல் சென்னையையும் அரபிக்கடலோரத்துப் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதையும் அதே வாசலில்தான் நுழைந்தது.

இந்த இடத்தில் ஒரு பெரிய சோதனை காத்திருக்கிறது. மாணவர் என்ன செய்துவிடுவார்? கணவாய் இருந்தது, ஆகவே வணிகம் வந்தது. கரிசல் மண் இருந்தது, ஆகவே பருத்தி விளைந்தது. பருத்தி விளைந்தது, ஆகவே ஆலை வந்தது. ஆலை வந்தது, ஆகவே நகரம் வளர்ந்தது என்று சங்கிலிபோல் கோத்துவிடுவார். தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இயற்கையே மனித வாழ்வைத் தீர்மானிக்கிறது என்னும் இக்கொள்கைக்குச் சூழல் தீர்மானவாதம் என்று பெயர். ஜெர்மனியின் ராட்செல் 1882இல் வெளியிடத் தொடங்கிய நூலிலிருந்து அது பல்கலைக்கழகங்களில் வேர்விட்டது. 1915இல் அமெரிக்கரான எல்ஸ்வொர்த் ஹன்டிங்டன் நாகரிகத்தையும் காலநிலையையும் இணைத்து எழுதிய நூலில், வெப்பநாட்டு மக்கள் ஏன் பின்தங்கினார்கள் என்பதற்குத் தட்பவெப்பத்தையே விடையாக வைத்தார். ஆளவந்தவர்களுக்கு அதைவிட வசதியான விடை வேறு உண்டா? பிரான்சின் விடால் த லா பிளாஷும் அவர் வழிவந்தவர்களும் அதை மறுத்து, இயற்கை சில வாய்ப்புகளை முன்வைக்கிறது, எதை எடுப்பது என்பதை மக்கள் தங்கள் வாழ்முறையால் முடிவுசெய்கிறார்கள் என்றனர். அது சாத்தியவாதம் எனப்பட்டது.

தமிழ்நாட்டு மேடைகளில் இந்த இடத்தில் ஐந்திணை கட்டாயம் வந்துவிடும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த மரபு தமிழருடையது என்பது உண்மை. ஆனால் அது கவிதையின் இலக்கணம். மழையளவு காட்டும் பதிவேடன்று. குறிஞ்சிக்குப் புணர்தல் உரியது என்பதைக் காலநிலை விதியாகப் படித்தால் ஹன்டிங்டனுக்கு அருகிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும். இலக்கியத்தை இலக்கியமாகவும் நிலத்தை நிலமாகவும் படிப்பதே இரண்டுக்கும் மரியாதை.

சங்கிலிக்கே திரும்பி, ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பருத்திக்குக் கரிசல் மண் போதும் என்றால், பழைய சென்னை மாகாணத்தின் பருத்திச் சீமைகளுள் ஒன்றான பெல்லாரி ஏன் இன்னொரு கோயம்புத்தூர் ஆகவில்லை? கொங்குநாட்டில் கரிசல் திட்டுகள் உண்டு. ஆனால் செம்மண்ணே மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பரவிய கம்போடியாப் பருத்தி, நீண்ட இழை தரும் பருத்தி. அது மழையை மட்டும் நம்பி நிற்காமல் பாய்ச்சலை எதிர்பார்த்தது. கொங்குநாட்டார் கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தைத் தோட்டம் என்றும் மானாவாரி நிலத்தைக் காடு என்றும் பிரித்தே பேசுவர். அந்தத் தோட்டங்கள் இயற்கை தந்தவை அல்ல. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்து, தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் போட்டு உண்டாக்கப்பட்டவை. ஆகவே மண் என்ற முதற் கண்ணியிலேயே மனித உழைப்பு கலந்துவிட்டது.

அடுத்த கண்ணி ஆலை. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் தொடங்கிய முதல் ஆலை இருந்தும், ஆலைகள் பெருகியது 1930களில்தான். ஏன் அப்போது? 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மலிவான மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் விவசாய விலைகளைச் சரித்தபோது, நிலத்திலும் வட்டியிலும் புழங்கிய பணம் ஆலைப் பக்கம் திரும்பியது. நீலகிரியின் செங்குத்தான சரிவு மின்சாரத்துக்கு வாய்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தச் சரிவு பல இலட்சம் ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. அரசின் முடிவும் முதலீட்டின் திசையும் உலகச் சந்தையின் சரிவும் ஒரே பத்தாண்டில் சேர்ந்தபோதுதான் அது ஆலையாக மாறியது.

கடைசிக் கண்ணி நகரம். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலைப் புவியியலாளர் சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஒரு பனியன் உருவாக நூல், பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறவேண்டும். அங்கே ஒரே பெரிய ஆலைக்குள் எல்லாம் நடப்பதில்லை. சிறு சிறு கம்பெனிகள் ஜாப் ஒர்க்காக வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. பவர் டேபிளில் தைப்பவர் ஒருவர், அவருக்கு அருகில் கைமடியாக நிற்பவர் ஒருவர். தொழிலாளியாக நுழைந்து முதலாளியான கவுண்டர் சமூகத்தவர் பலர், தோட்டத்து வேலையில் பழகிய உழைப்பு உறவுகளையும் ஆள்நடத்தும் முறையையும் கம்பெனிக்குள் கொண்டுவந்தார்கள் என்பது சாரியின் வாதத்தின் மையம். கிணற்றடியில் உருவான உறவு உலகச் சந்தைக்குத் துணி தைக்கும் கூடத்தில் தொடர்கிறது. இதை மண்ணியல் மட்டும் விளக்குமா? விளக்காது. கிணற்றை மறந்துவிட்டு விளக்க முடியுமா? அதுவும் முடியாது.

இதுவரை சொன்னது முதற்பிழை: இயற்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நம்புவது. இரண்டாம் பிழை அதற்கு நேர் எதிரானது, அதனினும் கேடு விளைவித்தது: இயற்கை எதையும் விளக்கவேண்டியதில்லை, காலடி மண் ஒரு வெற்றுத் தளம், தொழில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், கழிவு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று எண்ணுவது.

பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயம், நீரில் துணியைப் போலவே எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் துணியை எளிதில் பற்றாது. அதைப் பற்றவைக்கச் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். நிறம் கருக்கக் கருக்க உப்பும் கூடும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரோடு தங்கிவிடும். திருப்பூரின் தொடக்க காலத்துச் சுத்திகரிப்பு முறைகள் நிறத்தையும் கசடையும் குறைத்தன. கரைந்த உப்பைத் தொடவில்லை. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. விதி இருந்தது, ஆற்றில் அந்த உப்பைக் கரைத்துக் கடத்தும் தண்ணீர் இருந்ததா? ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு அது. பல மாதங்களுக்குச் சாயக்கழிவே ஆற்றின் ஓட்டமாகிவிட்டது.

1992இல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது மழைநீராக இல்லாமல் சாயநீராக இருந்தது. உலகில் எந்த ஆயக்கட்டு விவசாயியும் மதகைத் திறக்கச் சொல்லித்தான் போராடுவார். ஒரத்துப்பாளையத்து விவசாயிகள் திறக்கவே வேண்டாம் என்று போராடினார்கள்.

அணைநீர் ஏன் கிணறுகளுக்குள் புகுந்தது? புகுந்தது ஏன் எளிதில் வெளியேறுவதில்லை? இங்கேதான் இயற்கைப் புவியியல் பேசவேண்டும். காவிரிக் கழிமுகத்தைப்போல் மணலும் வண்டலும் ஆழமாகப் படிந்த நிலமன்று கொங்குநாடு. மேலே சிதைந்த பாறையின் மெல்லிய அடுக்கு. அதன் கீழே கடினப் பாறை. நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே தங்குகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மெதுவாகவே நகர்கிறது. உப்பு ஒருமுறை இடுக்கில் இறங்கிவிட்டால், அதைக் கழுவித் தள்ளப் போதிய மழையும் அங்கே இல்லை. மழைமறைவும் கடினப் பாறையும் வறண்ட ஆறும் சேர்ந்த ஒரு வடிநிலத்தில், உப்பை மிகுதியாகக் கேட்கும் தொழில்களுள் ஒன்று பெருகியது. அடுத்த ஊரின் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாயிற்று என்பதற்கு, பாறையின் வரைபடமும் சாயப்பட்டறைகளின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கப்பட்டாலன்றி விடை இல்லை.

ஆயக்கட்டுதாரர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமலே தொழில் நடத்தும் பூஜ்யக் கழிவு முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது: சவ்வுகளின் வழியே நீரைப் பிழிந்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள்; எஞ்சிய அடர்நீரைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள்; உப்பில் ஒரு பகுதியை மீட்டுத் திரும்பச் சாயத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். மீட்க முடியாத கலவை உப்பும் கசடும் மூட்டைகளாகக் கிடங்கில் சேர்கின்றன. ஆற்றில் ஓடியது இப்போது கூரையின் கீழ் குவிகிறது. அதற்கு ஆகும் மின்சாரச் செலவையும் எரிபொருளையும் கணக்கில் சேர்த்தால், சட்டையின் விலை எங்கே முடிவாகிறது, அந்த விலையின் பாரம் எங்கே இறங்குகிறது என்ற வினா எழும். விலையை முடிவுசெய்பவர் கடல் கடந்த நகரத்தில் இருக்கிறார்; உப்பை ஏற்பது நொய்யல் கரை. நிகழ்வை எந்த அளவில் வைத்துப் பார்ப்பது என்பதைப் புவியியலாளர் அளவுத்திட்டச் சிக்கல் என்பர். பட்டறை அளவில் பார்த்தால் குற்றவாளி பட்டறை உரிமையாளர். வடிநில அளவில் பார்த்தால் திட்டமிடல். உலக அளவில் பார்த்தால் கொள்முதல் விலை. மூன்றும் உண்மை. எந்த ஒன்றையும் தனித்துப் பிடித்துக்கொண்டு மற்றதை மறுப்பவர் அரசியல் மேடைக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவமாட்டார்.

கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தொலையுணர்வு, புவித் தகவல் முறைமை ஆகியவை இன்று புவியியல் துறைகளின் முகப்பாகிவிட்டன. 1988இல் இந்தியா, சோதனை நிலையைத் தாண்டிய தன் முதல் முழுப் பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளை அனுப்பியது. 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுகள்மேல் இருந்த கட்டுப்பாடுகளை நடுவணரசு பெருமளவு தளர்த்தியது. வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனால் மென்பொருளைக் கற்றவர் எல்லாரும் புவியியலாளர் ஆகிவிடுவதில்லை. 1:50,000 அளவில் அமைந்த இந்திய நில அளவைத் துறையின் பழைய இடவிளக்கப் படத்தாள் ஒன்றை மேசையில் விரித்துப் பார்க்கட்டும். ஆண்டு முழுதும் நீருள்ள ஆறு அதில் நீலம். வறண்ட ஓடை கறுப்பு. சமஉயரக் கோடுகள் பழுப்பு. பயிர்நிலம் மஞ்சள். நொய்யலின் துணை ஓடைகள் பலவும் கறுப்புக் கோடுகளாகவே நெளிகின்றன. இன்றைய செயற்கைக்கோள் படத்தை அதன்மேல் வைத்தால், கறுப்புக் கோடு போன இடத்தில் கட்டடம் நிற்பது தெரியும். ஏன் நிற்கிறது, யார் பட்டா கொடுத்தார்கள், மழை வந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அதற்கு நடந்து போகவேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கவேண்டும், வீட்டுக்காரரிடம் பேசவேண்டும்.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தயங்கும் பெற்றோரின் கேள்விக்குச் சுருக்கமான விடை போதும். நகர ஊரமைப்பு, பேரிடர் மேலாண்மை, நீர்வளம், நில அளவை, வரைபடத் தொழில்நுட்பம், ஆசிரியப் பணி ஆகியவற்றில் இப்படிப்புக்கு இடமுண்டு. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடமாகவும் இயற்கைப் பகுதியும் மானிடப் பகுதியும் சேர்ந்த புவியியல் இருப்பதால், அதற்காகவே இத்துறைக்கு வருபவர்களும் உண்டு. அதில் தவறில்லை, தேர்வுக் குறிப்புகளோடு நின்றுவிடுவதில்தான் இழப்பு.

இறுதியாக ஒரு வேண்டுகோள், அதுவும் துறைத் தலைவர்களுக்கு. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்ளட்டும். ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும், ஊர்க் கிணறுகளின் உப்பளவை எடுக்கட்டும். கிணற்றின் ஆழத்தையும் பாறையின் தன்மையையும் குறிக்கட்டும். அதே பதிவேட்டில், கிணறு யாருடையது, ஊருக்குள் இருக்கிறதா காலனியில் இருக்கிறதா, எந்த ஆண்டு எந்தப் பயிர் கைவிடப்பட்டது, நிலம் விற்கப்பட்டதா, விற்றவர் இப்போது எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார் என்பதையும் எழுதட்டும். இப்போதுள்ள வழக்கப்படி இந்த ஆய்வேட்டுக்கு ஒரு நெறியாளர்தான் கிடைப்பார். அவர் நீரியலாளராக இருந்தால் பின்பாதியையும், சமூகப் புவியியலாளராக இருந்தால் முன்பாதியையும் இணைப்பாகத் தள்ளிவிடச் சொல்வார். அந்த மாணவருக்கு இரண்டு பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொரு நெறியாளரை ஒதுக்கி, இருவரும் ஒரே நாளில் அவரோடு களத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்வது வரும் கல்வியாண்டிலேயே தொடங்கத்தக்கது.